ஆளுக்கு நிபந்தனை உண்டு, ஆதாரத்துக்கு?

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை என்பது பல வீடுகளில் குடும்ப விஷயம். அண்ணன் பாரீசில், தம்பி முத்தியால்பேட்டையில். அந்த முத்தியால்பேட்டையில் 2024 மார்ச்சில் ஒன்பது வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது, குற்றவாளிகளைத் தூக்கில் போடச் சொல்லி ஊர் தெருவில் இறங்கியது. பிரான்ஸோ மரண தண்டனையை 1981-லேயே ஒழித்து, 2007-ல் அரசியல் சட்டத்திலும் தடையை எழுதிக்கொண்ட நாடு.

இங்கே நடக்கும் ஒரு கொலைக்கான முக்கியத் தடயம், ஒரு வங்கிக் கணக்கோ தொலைபேசிப் பதிவோ, நாளை பாரீசில் கிடந்தால்? நம் போலீஸ் கேட்டால் பிரான்ஸ் கொடுக்கலாமா?

ஆளைக் கேட்டால் குழப்பமில்லை. அந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை இல்லாத நாடு ஒருவரை ஒப்படைத்தால், அவருக்கு ஆயுள் தண்டனைதான் என்கிறது நம் நாடு கடத்தல் சட்டத்தின் 34-சி பிரிவு. மரண தண்டனை கிடையாது என்று டெல்லி உறுதி கொடுத்த பிறகே மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேமை 2005-ல் அனுப்பியது போர்ச்சுகல். 2017 செப்டம்பரில் அந்த வழக்கில் அவருக்கு ஆயுள். அதே நாளில், அதே நீதிமன்றத்தில், வேறு இருவருக்குத் தூக்கு.

ஆதாரத்துக்கு இப்படியொரு பிரிவு நம்மிடம் இல்லை. கேட்கிற நாடும் கொடுக்கிற நாடும் வழக்குக்கு வழக்கு பேசித் தீர்க்க வேண்டியதுதான்.

பேசினால் தீரும் என்பதற்கு 2002-ஐப் பார்க்கலாம். செப்டம்பர் 11 வழக்கில் சிக்கிய பிரெஞ்சுக் குடிமகன் மூசாவி பற்றிய ஆவணங்களை அமெரிக்காவுக்குப் பிரான்ஸ் கொடுத்தது. மரண தண்டனை வாங்க அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. பிரிட்டன் வழுக்கி விழுந்து கற்றது. ஐ.எஸ். அமைப்பினர் இருவர் தொடர்பான தகவல்களை எந்த உறுதியும் கேட்காமல் 2018-ல் அமெரிக்காவுக்குக் கொடுக்க முன்வந்தது அதன் உள்துறை. அது சட்ட விரோதம் என்றது 2020-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம். அமெரிக்கா உறுதி தந்தது, ஆதாரம் போனது, இருவருக்கும் ஆயுள் கிடைத்தது. நிபந்தனையால் வழக்கு கெடவில்லை.

ஒரேயடியாக மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மறுக்கப்படும் காகிதத்தில் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவிக்கும் வரியும் இருக்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு, ‘எங்கள் கொள்கை’ என்று ஒரு அரசு சொல்லிவிட்டுப் போகவும் முடியாது.

சிக்கல் நீதிமன்றத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 2005-ல் பாலித் தீவில் ஹெராயின் கடத்தியவர்களைப் பற்றி இந்தோனேசியாவுக்குத் துப்புக் கொடுத்தது, மரண தண்டனையை எப்போதோ கைவிட்டிருந்த ஆஸ்திரேலியாவின் போலீஸ். அவர்களில் ஒருவர், இலங்கைப் பெற்றோரின் மகன் மயூரன் சுகுமாரன். 2015 ஏப்ரல் 29 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். கைதுக்குப் பிறகு கெஞ்சிக் கடிதம் எழுதிய அரசு, கைதுக்கு முன் எந்த நிபந்தனையும் கேட்கவில்லை. 2009-ல் விதிகளைத் திருத்தினார்கள். ஆனால், கைதுக்கு முந்தைய தகவலைக் கொடுப்பதா என்று அதன் பிறகும் தீர்மானித்தவர்கள் போலீஸ் உயரதிகாரிகளே, அமைச்சர் அல்ல.