தொலைக்காட்சியில் கணினி விளையாட்டு

மாணவர்களே, தம்புள்ளை ரங்கிரி மைதானத்துப் போட்டியொன்றைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அங்கே துடுப்பெடுத்தாடுபவர் வீரர். கணினி விளையாட்டு ஆடுபவரோ செய்தியிலும் நாடகத்திலும் பெரும்பாலும் இருண்ட அறையில் தனித்திருக்கும், படிப்பைக் கெடுத்துக்கொண்ட பையன். அளவுமீறிய ஈடுபாட்டை உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோய்ப் பட்டியலில் சேர்த்தது உண்மையே. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் கணினி விளையாட்டுகளுக்குப் பதக்கம் வழங்கப்பட்டதும் உண்மைதான்.

விளையாட்டை அறியாத அலைவரிசை ஏமாறவும் கூடும். 2011இல் பிரித்தானியாவின் ஐ.டீ.வி., 'ஆர்மா 2' விளையாட்டுக் காட்சியை ஐ.ஆர்.ஏ. இயக்கம் 1988இல் எடுத்த படமென ஒளிபரப்பியது! ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஒப்கொம் நிறுவனம் 2012இல் அதனை விதிமீறல் எனத் தீர்ப்பளித்தது.

விடையெழுதும்போது ‘நல்லது, கெட்டது’ என்று நிறுத்திவிடாதீர்கள். அந்நிகழ்ச்சியில் விளையாடுபவருக்குப் பேச இடமளிக்கப்பட்டதா என்பதையும் குறிப்பிடுங்கள்.