வீட்டுக்கு ஒரு பூனை: எடுத்து வளர்ப்பதும் கருத்தடை செய்வதும்

அறுவடை முடிந்து நெல்லும் மணிலாவும் வீடு வந்து சேர்ந்தால், எலியும் பின்னாலேயே வந்து சேரும். ஆகவே சேமிப்பு அறைப் பக்கம் ஒரு பூனை நடமாடுவதை உழவர் பெருமக்கள் விரும்புகின்றனர். ஆனால் அப்பூனை குட்டி போட்டதும், குட்டிகளைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவிடும் வழக்கமும் உண்டு. பால் மறவாத குட்டி தானே இரை தேடிப் பிழைக்காது. பசியால் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். ஆதரவற்ற பூனை ஒன்றை எடுத்து வளர்த்து, அதற்குக் கருத்தடை செய்துவிடுவதே நல்ல வழி.

திருவண்ணாமலையில் நிலை

பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பெருங்கூட்டம் கூடுகிறது. அன்னதான மிச்சமும் உணவுக் கடைக் கழிவும் கிடைக்குமிடத்தில் பூனையும் நாயும் பெருகுவது இயல்பு. சிலவற்றைப் பிடித்து அகற்றினாலும், உணவு உள்ளவரை வேறு விலங்குகள் வந்து அவ்விடத்தை நிரப்பும். இதனால்தான் தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடும் முறைக்கு 2001-இல் மத்திய அரசு விதிகள் வகுத்தது. 2023-இல் புதிய விதிகள் வந்தன. திருவண்ணாமலையில் அருணாசலா விலங்குகள் காப்பகம் தெருநாய்களுக்குச் செய்த இப்பணியை நகரத்தார் அறிவர். பூனைக்கும் இம்முறையே பொருந்தும்.

எவ்வளவு விரைவில் பெருகும்?

பெட்டைப் பூனை ஐந்தாறு மாத வயதிலேயே பருவத்துக்கு வரும். சில நான்கு மாதத்திலேயே வரும். சினைக்காலம் 63 முதல் 65 நாட்கள். ஓர் ஈற்றுக்கு 3 முதல் 5 குட்டிகள். ஆண்டுக்கு இரண்டு, மூன்று ஈற்று எனில், ஒரு பூனையிடமிருந்தே பத்துக் குட்டிகள் எதிர்பார்க்கலாம். பால் கொடுக்கும்போதே மீண்டும் சினை பிடிக்கக் கூடும் என்பதையும் நினைவில் கொள்க.

கருத்தடை செய்யும் முறை

காளைக்குக் காயடிப்பது நீங்கள் அறிந்ததே. கடுவன் பூனைக்கு விதைகளையும், பெட்டைக்குச் சூலகத்தையும் கருப்பையையும் மயக்க மருந்து கொடுத்து அகற்றுகின்றனர். இதைக் கால்நடை மருத்துவரே செய்தல் வேண்டும். காளைக்குப் பயன்படும் காயடிப்பு இடுக்கியைப் பூனைக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

1. நான்கு, ஐந்து மாத வயதில் செய்வது ஏற்றது. குட்டி ஈன்ற பூனைக்கு, குட்டிகள் பால் மறந்த பின் செய்யலாம்; அதுவரை கடுவனோடு சேரவிடக் கூடாது.
2. எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டறிக. சிறு குட்டியை நெடுநேரம் பட்டினி போடக் கூடாது.
3. காற்றோட்டமுள்ள மூடிய கூடையில் எடுத்துச் செல்க.
4. திரும்பியதும் வெதுவெதுப்பான, அமைதியான அறையில் வைக்கவும். தையலை நக்க விடாதீர்கள். 10 முதல் 14 நாட்களில் புண் ஆறிவிடும்.
5. கடுவன் கருத்தடைக்குப் பின்னும் சில வாரங்கள் சினைப்படுத்தக் கூடும். பெட்டையிடமிருந்து பிரித்து வைக்கவும்.

"கருத்தடை செய்தால் எலி பிடிக்காதே?" எனச் சிலர் கேட்கின்றனர். வேட்டைக் குணம் இனப்பெருக்க உறுப்பைச் சார்ந்ததன்று. எலி பிடிப்பது தொடரும். கடுவன் ஊர் சுற்றுவதும், சண்டையிடுவதும், சுவரில் சிறுநீர் பீய்ச்சுவதும் குறையும். உடல் பெருக்க வாய்ப்புண்டு; தீனியை அளவாகக் கொடுத்தால் போதும்.

புதுப் பூனையைப் பழக்குதல்

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். வளர்ந்த பூனையை இரண்டு, மூன்று வாரம் ஓர் அறையில் அடைத்துத் தீனி கொடுத்துப் பழக்குக. உடனே திறந்துவிட்டால் பழைய இடத்துக்கே ஓடும். குடற்புழு நீக்கம் செய்து, மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போடவும். பூனை கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை செல்க. கர்ப்பிணிகள் பூனையின் கழிவை அள்ளுதல் ஆகாது.

தயிர்சாதம் மட்டும் போதாது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்னும் சத்து கிடைக்காவிடில் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். சைவ இல்லத்தார் பூனைக்கென விற்கும் தீவனத்தை வாங்கிக் கொடுக்கலாம்.

நஞ்சு: எச்சரிக்கை

துத்தநாக பாஸ்பைடு, புரோமடியோலோன் தின்ற எலியைத் தின்றால் பூனையும் சாகக் கூடும். பூனை வளர்க்கும் வீட்டில் எலிப்பொறியே ஏற்றது. நஞ்சு வைத்தே ஆக வேண்டுமெனில் பூனையை அடைத்து வைத்து, செத்த எலிகளைத் தேடிப் புதைக்கவும். மாட்டு உண்ணிக்கான சைபர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குத் தடவாதீர்கள். காய்ச்சலென்று பாரசிட்டமால் மாத்திரை கொடுத்தால் பூனை இறந்துவிடும்.

வயல் வரப்பின் பெருச்சாளியைப் பூனை ஒழித்துவிடும் என எதிர்பார்க்க வேண்டாம்; வளைகளை வெட்டி அழிப்பதும், பொறி வைப்பதும் தொடர வேண்டும். வீட்டுக்குள் சுண்டெலியைக் குறைக்கக் கருத்தடை செய்த ஒரு பூனையே போதுமான துணை. உங்கள் வீட்டுப் பூனை அடுத்த ஈற்றுக்குச் சினையாகும் முன், அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையை அணுகிக் கருத்தடை பற்றிக் கேட்டறிந்து பயன் பெறுவீர்.