சென்ற ஆண்டுப் பிக்கப் வாகனத்தை மலிவாக வாங்குதல்

பெரும்போக நெல் வீடு வந்து, கடன்கள் தீர்ந்து, கையிற் சிறிது பணம் எஞ்சும் மாசி பங்குனி மாதங்களிலேயே கமக்காரர் பலர் வாகனம் வாங்குவதுபற்றி எண்ணுகின்றனர். கத்தரி, மிளகாய், பீற்றூட் முதலியன பயிரிடுவோருக்கு இவ்வெண்ணம் மேலும் வலுவாக இருக்கும். வாடகைக்குப் பேசிய பட்டா வாகனம் விடியுமுன் வாராதுபோயின், பறித்து வைத்த காய் வாடிப்போவதைக் கண்டவர் அவர்களே.

அக்காலத்தில் விற்பனை நிலையத்திற்குச் செல்பவர், புதிய வாகனங்களின் அருகே சென்ற ஆண்டில் உற்பத்தியாகி இன்னும் விற்பனையாகாத பிக்கப் ஒன்று நிற்பதைக் காணக்கூடும். அதன் விலையில் நாலைந்து இலட்சம் ரூபா குறைத்துத் தருவதாகவும் கூறுவர். இக்குறைப்பு வாங்குபவருக்கு உண்மையில் இலாபமா என்பதைக் கணக்கிட்டே அறிதல் வேண்டும்.

இவ்வழக்கம் ஐக்கிய அமெரிக்காவில் நன்கு வேரூன்றியது. அங்கு மொடல் ஆண்டு என்பது நாட்காட்டி ஆண்டுக்கு முன்னரே தொடங்குவதால், 2026 மொடல் வாகனம் 2025ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே விற்பனைக்கு வந்துவிடும். அப்பொழுது பழைய மொடலை விலை குறைத்து விற்றுத் தீர்ப்பர். இலங்கையிலோ வாங்குவோர் முதலில் வினவுவது உற்பத்தி ஆண்டையே. பதிவுச் சான்றிதழில் அவ்வாண்டும், முதற்பதிவுத் திகதியும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. ஆகவே மார்கழியில் புதியதாயிருந்த வாகனம், சனவரி முதலாந் திகதியன்று சில்லு ஒருமுறையேனும் உருளாமலே ஒரு வயது மூத்ததாகிவிடுகிறது. அறுவடைப் பணம் கைக்கு வரும் காலமும் இதனையடுத்தே வருவது கமக்காரருக்கு வாய்ப்பானதே.

கணக்கிற்காக, புதிய வாகனத்தின் விலை 60 இலட்சம் என்றும், சென்ற ஆண்டினது 56 இலட்சம் என்றும் கொள்வோம். பத்திரிகை விளம்பரங்களை எடுத்து, அதே வகையில் மூன்று வயதானதும் நான்கு வயதானதும் என்ன விலை கேட்கப்படுகின்றன என ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். வேறுபாடு 4 இலட்சமாயின், மூன்றாண்டில் விற்க எண்ணுபவருக்கு இலாபம் ஏதுமில்லை; இன்று பெற்ற கழிவை அன்று திருப்பிக் கொடுப்பார். ஆயின் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வைத்து உழைக்க எண்ணுபவருக்கு நிலைமை வேறு. பதினொரு வயது வாகனத்திற்கும் பன்னிரண்டு வயது வாகனத்திற்கும் இடையே விலை வேறுபாடு மிகச் சிறிது; அங்கு விலையைத் தீர்மானிப்பது இயந்திரத்தின் நிலையே. கமக்காரருட் பெரும்பாலோர் இரண்டாம் வகையினரே. கொடுக்கப்படும் கழிவு ஓராண்டு விலை வேறுபாட்டிலும் குறைந்ததாயின், எவ்வகையினரும் அதனை ஏற்கவேண்டியதில்லை.

"வாகனத்தின் விலை இறங்காது" என்று கூறுவோரும் உளர். 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வாகனங்கள் வாங்கிய விலையிலும் கூடுதலாக விற்கப்பட்டமை உண்மையே. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டு அனுபவத்தை அளவுகோலாக வைத்து இன்று கடன்படுதல் தவறு.

ஆண்டு மாறுவதையும் மொடல் மாறுவதையும் ஒன்றாகக் கருதலாகாது. டொயோட்டா ஹைலக்ஸின் எட்டாம் தலைமுறை 2015இல் வெளிவந்தது; அடுத்தடுத்த ஈராண்டுகளில் உற்பத்தியானவற்றிடையே பெரும்பாலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இராது. இத்தகைய இடத்தில் பழைய ஆண்டு வாகனத்தை வாங்குபவர் எதையும் இழப்பதில்லை. மொடலே முழுவதும் மாறும் தறுவாயிலும் அஞ்சவேண்டியதில்லை. பல ஆண்டுகள் ஓடிய மொடலின் உதிரிப்பாகங்கள் ஊர்க் கடைகளிலும் கிடைக்கும். அதன் குறைகளை ஊர்த் திருத்துநரும் அறிவர். ஆயின் நாட்டில் சிலவே விற்பனையான வகையை, மலிவு என்பதற்காக எடுத்தலாகாது. அறுவடைக் காலத்தில் ஓர் உதிரிப்பாகத்திற்காக மூன்று வாரம் காத்திருப்பதால் வரும் நட்டத்தை எந்தக் கழிவும் ஈடுசெய்யாது.

நெடுநாள் நின்ற வாகனத்தை நன்கு சோதித்தல் வேண்டும். ரயரின் பக்கத்திற் பொறித்த நான்கு இலக்கங்கள் அது உற்பத்தியான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2324 எனின் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். வாகனத்தின் ஆண்டிலும் ரயர் பழையதாயின் காரணம் கேட்கவேண்டும். பற்றரி வலுவிழந்திருக்கலாம், புதியது போட்டுத் தருமாறு கேட்பது நியாயமே. தடுப்புத் தட்டுகளில் துரு, ஒரே இடத்தில் நின்றதால் ரயரில் ஏற்பட்ட தட்டை, எலி கடித்த மின்கம்பி ஆகியவற்றையும் பார்க்கவேண்டும். எலியின் வேலை நெற்களஞ்சியத்தோடு நின்றுவிடுவதில்லை. அடிச்சட்ட இலக்கத்தின் பத்தாம் எழுத்து ஆண்டைக் காட்டும் என்பது வட அமெரிக்கச் சந்தைக்கென உற்பத்தியானவற்றிற்கே நிச்சயமாகப் பொருந்தும். யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென உற்பத்தியானவற்றில் அவ்வகைப் பதினேழு இலக்கம் இல்லை. ஆதலால் ஆவணங்களையே நம்புதல் வேண்டும்.

விலையிற் பெற்ற கழிவு லீசிங்கில் மறைந்துபோவதும் உண்டு. 10 இலட்சம் ரூபாவை நான்காண்டுக்கு, முழுத்தொகைக்கும் ஆண்டுதோறும் நூற்றுக்கு 12 வீதம் என்ற முறையிற் பெற்றால், வட்டி 4,80,000 ரூபா. மாதத் தவணை 30,833 ரூபா. அதே 12 வீதம் குறைந்துசெல்லும் மீதிக்கு மட்டும் கணக்கிடப்படின், தவணை ஏறக்குறைய 26,334 ரூபா. மொத்த வட்டி 2,64,000 ரூபா அளவிலேயே நிற்கும். முதல் முறையின் உண்மை வட்டி, குறைந்துசெல்லும் மீதியின்மேற் கணக்கிட்டால், ஏறத்தாழ 21 வீதமாகும். இரண்டையும் 12 வீதம் என்றே சொல்வர். எனவே வீதத்தைக் கேட்பதோடு நில்லாது, மாதத் தவணையையும் தவணைகளின் எண்ணிக்கையையும் கேட்டுப் பெருக்கிப் பார்க்கவேண்டும். மாதந்தோறும் வருமானம் வாராத நெற்செய்கையாளர், அறுவடையை ஒட்டித் தவணை செலுத்த இடமுண்டா என்றும் கேட்கலாம்.

வாகனத்தின் விலையை முடிவுசெய்த பின்னரே லீசிங்கைப் பற்றிப் பேசுவது நன்று. கூடாரம், மிதியடி முதலியவற்றை இலவசமாகத் தருவதாகக் கூறின், அவற்றின் பெறுமதியைப் பணமாகக் கழிக்கும்படி கேட்கலாம். பதிவுக் கட்டணமும் காப்புறுதியும் சேர்ந்த முழுத்தொகை, உற்பத்தி ஆண்டு, உத்தரவாதம் எந்நாளிலிருந்து தொடங்கும் என்பவற்றை, முற்பணம் கொடுக்குமுன் விற்பனை நிலையத்தின் கையொப்பத்துடன் எழுத்திற் பெற்றுக்கொள்ளல் வேண்டும்.