விளையாட்டே பாடமா? இங்கிலாந்தின் நர்சரி வகுப்புகளும் தமிழ்ப் பெற்றோரின் தயக்கமும்

இங்கிலாந்தில் தமது மூன்று வயதுப் பிள்ளையை அருகிலுள்ள ஆரம்பப் பள்ளியின் நர்சரி வகுப்பில் சேர்க்கும் தமிழ்ப் பெற்றோர், முதல் சில வாரங்களிலேயே ஒரு குழப்பத்தை எதிர்கொள்வதுண்டு. பிள்ளையின் பையில் புத்தகம் இல்லை; கொப்பி இல்லை; வீட்டுப்பாடமும் இல்லை. உடையில் சேறும் வண்ணமும்தான் இருக்கின்றன. என்ன செய்தாய் என்று கேட்டால், விளையாடினேன் என்பதே பதிலாகக் கிடைக்கிறது.

தமிழகத்தில் எல்.கே.ஜி. வகுப்பிலேயே எழுதிப் பழகியவர்களுக்கும், யாழ்ப்பாணத்தில் விஜயதசமியன்று ஏடு தொடக்கிய கையோடு அரிவரி படித்தவர்களுக்கும் இது வீணாகும் காலமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் இந்த விளையாட்டு ஆசிரியர்களின் அசட்டையால் நேர்வதல்ல. அது சட்டபூர்வமான ஒரு பாடத்திட்டத்தின் பகுதி. அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாத பெற்றோர், பிள்ளையின் நன்மை கருதியே, வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிடும் அபாயமும் உண்டு.

சட்டம் சொல்வது என்ன?

பிறப்பு முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்குமாக, ஏர்லி இயர்ஸ் ஃபவுண்டேஷன் ஸ்டேஜ் எனப்படும் அடித்தளக் கட்டமைப்பு 2008ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் இங்கிலாந்தில் நடைமுறையில் உள்ளது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனியான ஏற்பாடுகள் இருக்கின்றன.

இந்தக் கட்டமைப்பில் ஏழு கற்றல் துறைகள் உள்ளன. தொடர்பாடலும் மொழியும், உடல் வளர்ச்சி, தன்னுணர்வும் சமூக உணர்வும் ஆகிய மூன்றும் முதன்மையானவை. எழுத்தறிவு, கணிதம், உலகைப் புரிந்துகொள்ளுதல், கலை வெளிப்பாடு ஆகிய நான்கும் அவற்றின் மேல் கட்டப்படுகின்றன. பேசவும், உடலைக் கட்டுப்படுத்தவும், பிறரோடு இணங்கி இருக்கவும் பழகாத பிள்ளைக்கு எழுத்தும் எண்ணும் நிலைக்காது என்பதே இந்த வரிசையின் பொருள்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் அனைவருக்கும் ஆண்டில் 38 வாரங்களுக்கு, வாரம் 15 மணி நேரம் கட்டணமின்றி இடம் வழங்கப்படுகிறது. தகுதி பெறும் வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இது 30 மணி நேரமாகும். அரசுப் பள்ளி நர்சரி வகுப்பில் தகுதி பெற்ற ஆசிரியர் ஒருவர் பணியாற்றும்போது, 13 பிள்ளைகளுக்குக் குறைந்தது ஒரு பெரியவர் என்ற விகிதம் கடைப்பிடிக்கப்படுகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனை நெருக்கமாக அறிந்த பொறுப்பாளர் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும் என்பதும் விதி.

ஒரு நாள் கழியும் விதம்

பல நர்சரிகளில் பிள்ளை காலையில் உள்ளே வந்ததும் தனது பெயர் எழுதிய அட்டையைத் தேடி எடுத்துப் பலகையில் ஒட்டுகிறது. ஆசிரியருக்கு அது வரவுப் பதிவு. பிள்ளைக்கோ அதுவே முதல் வாசிப்பு. எழுத்துக்களின் பெயர் தெரியாமலே தனது பெயரின் வடிவத்தை அது இனங்காண்கிறது.

பின்னர் விரிப்பில் கூடி அமர்ந்து பாட்டும் சிறு உரையாடலும் நடக்கின்றன. அதன்பின் நெடுநேரம் பிள்ளைகள் தாமே தெரிவு செய்யும் விளையாட்டு. மணல் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, மரக்கட்டைகள், களிமண், வண்ணம், கடை வைத்து விளையாடும் மூலை என்று எல்லாம் தயாராக இருக்கும். வெளிமுற்றத்துக்கான கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கும். மழை நாளிலும் ரப்பர் காலணி அணிந்து பிள்ளைகள் வெளியே செல்கிறார்கள். இடையில் பால் அருந்தும் நேரமும், இறுதியில் கதை நேரமும் உண்டு.

இவற்றுள் பாடம் எங்கே இருக்கிறது? உயரமான குவளையிலிருந்து அகலமான கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றும் பிள்ளை கொள்ளளவைப் பற்றி யோசிக்கிறது. ஆறு பேருக்கு ஆறு கோப்பை எடுத்து வைக்கும் பிள்ளை, ஒன்றுக்கு ஒன்று பொருத்தி எண்ணப் பழகுகிறது. நூறு வரை மனப்பாடமாக ஒப்புவிக்கும் பிள்ளைக்கும் "ஐந்து பொத்தான்கள் எடுத்துத் தா" என்றால் தடுமாற்றம் ஏற்படலாம். எண்ணின் பெயரை அறிவது வேறு. அது எத்தனை என்பதை அறிவது வேறு.

பென்சில் பிடிப்பதும் அவ்வாறே. ஏணியில் தொங்குவதும் களிமண் பிசைவதும் தோளையும் விரல்களையும் வலுப்படுத்துகின்றன. அந்த வலு வராத கையில் பென்சிலைத் திணித்தால் பிள்ளை எழுதக் கற்பதற்குப் பதிலாக எழுத்தை வெறுக்கக் கற்கிறது. எழுத்தொலிகளை முறைப்படி கற்பித்தல், அடுத்த ஆண்டில் ரிசப்ஷன் எனப்படும் வகுப்பில் தொடங்குகிறது.

விளையாட்டு மட்டும் போதுமா?

போதாது என்பதே ஆய்வுகள் தரும் பதில். இங்கிலாந்தில் 1997ல் தொடங்கி, சுமார் 3,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த எப்பி எனப்படும் பெரிய ஆய்வு இதில் முக்கியமானது. பிள்ளை தொடங்கிய விளையாட்டில் பெரியவர் ஒருவர் இணைந்து, கேள்வி கேட்டு, இருவருமாக ஒரு சிந்தனையை வளர்த்துச் செல்லும் இடங்களிலேயே கற்றல் சிறப்பாக நடந்தது என அது கண்டறிந்தது. பொம்மைகளைப் பரப்பிவிட்டு ஒதுங்கி நிற்பது கல்வி அல்ல. ஆகவே நர்சரியைப் பார்வையிடும் பெற்றோர், சுவரில் எத்தனை எழுத்துக்கள் ஒட்டப்பட்டுள்ளன என்று பார்ப்பதைவிட, அங்குள்ள பெரியவர்கள் பிள்ளைகளோடு எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனிப்பது நல்லது.

அதே ஆய்வு மற்றொன்றையும் கூறியது. பெற்றோர் என்ன படித்தவர்கள், என்ன தொழில் செய்பவர்கள் என்பதைவிட, வீட்டில் அவர்கள் பிள்ளையோடு என்ன செய்கிறார்கள் என்பதே கூடுதல் முக்கியத்துவம் வாய்ந்தது. கதை வாசிப்பதும் பாட்டுப் பாடுவதும் பேசுவதும் அதில் அடங்கும்.

மௌனமும் தாய்மொழியும்

ஆங்கிலம் அறியாமல் நர்சரிக்கு வரும் பிள்ளை வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், அங்கு வாய் திறக்காமல் இருக்கக்கூடும். புதிய மொழியைக் கேட்டு உள்வாங்கும் இந்தக் காலம் இயல்பானது. ஆனால் இதைக் கண்டு அஞ்சும் பெற்றோர் சிலர் வீட்டிலும் தமக்குச் சரளமாக வராத ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றனர். அதனால் பிள்ளை வளமான ஒரு மொழியை இழந்து, வீட்டில் குறைபட்ட ஒரு மொழியைக் கேட்கத் தொடங்குகிறது. பாட்டியோடும் தாத்தாவோடும் நடக்கும் நீண்ட பேச்சுக்களும் அத்துடன் அறுந்துபோகின்றன.

நர்சரிகளிடம் சட்டம் எதிர்பார்ப்பது இதற்கு நேர்மாறானது. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் அந்த மொழியை விளையாட்டிலும் கற்றலிலும் பயன்படுத்தி வளர்க்க வாய்ப்பளிக்க, நியாயமான நடவடிக்கைகளை நர்சரி எடுக்க வேண்டும். அதே வேளை ஆங்கிலத்திலும் நல்ல தேர்ச்சி பெற வழி செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் பிள்ளை பின்தங்கியிருந்தால், அதன் தாய்மொழித் திறனைப் பெற்றோரிடம் கேட்டறிய வேண்டும் என்றும் கட்டமைப்பு கூறுகிறது.

இந்தக் கடைசி விதி மிக முக்கியமானது. வீட்டில் தமிழில் ஓயாமல் பேசும் பிள்ளை நர்சரியில் மௌனமாக இருந்தால், அதற்கு வேண்டியது கால அவகாசம். தமிழிலும் சொற்கள் குறைவாக இருந்தால், பேச்சு மொழிச் சிகிச்சையாளரின் உதவி விரைவாகத் தேவைப்படலாம். இவ்விரண்டில் எது என்பதைத் தமிழ் அறியாத ஆசிரியரால் தனியே தீர்மானிக்க இயலாது. அந்தத் தகவல் பெற்றோரிடம் மட்டுமே இருக்கிறது.

எனவே பெற்றோர் செய்யக்கூடியவை சில உண்டு. தண்ணீர், பசி, கழிப்பறை ஆகியவற்றுக்குப் பிள்ளை வீட்டில் சொல்லும் சொற்களை, உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் குறித்து, முதல் நாளிலேயே பொறுப்பாளரிடம் கொடுக்கலாம். பிள்ளை தமிழில் எவ்வளவு பேசுகிறது என்பதைத் தயங்காமல் விளக்கலாம். நர்சரியில் அந்த வாரம் வாசித்த கதை எது என்று கேட்டு, அதையே வீட்டில் தமிழில் சொல்லலாம். ஒரு மொழியில் புரிந்துகொண்ட கருத்துக்கு மற்றொரு மொழியில் சொல் மட்டும்தான் புதிதாகத் தேவைப்படும்.

தமிழருக்கு இது முற்றிலும் அந்நியமான முறையும் அல்ல. கைகளால் தொட்டும் செய்தும் குழந்தைகள் கற்பதை வலியுறுத்திய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, 1939ல் சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். பல்லாங்குழியில் புளியங்கொட்டைகளைப் பகிர்ந்து போட்ட தலைமுறைகளும் கணிதத்தை விளையாடியே பழகின. அந்தப் பல்லாங்குழியை இன்று லண்டன் வீட்டின் தரையில் விரித்து, தமிழிலேயே எண்ணி விளையாடுவதற்கு எந்தத் தடையும் இல்லை.