பேரிடருக்குப் பின் தாய்மார்களின் வேலை



இயற்கைப் பேரிடர் என்றதும் வீட்டையும் பொருளையும் இழந்தவர்களே நம் நினைவுக்கு வருகின்றனர். அதே நாள்களில் வேலையையும் இழக்கும் தாய்மார்களை நாம் அவ்வளவாக எண்ணுவதில்லை. அவர்களைப் பற்றிச் சில செய்திகளை இங்குக் கூற விரும்புகிறேன்.

2017 நவம்பர் 4ஆம் நாள் பெய்த பெருமழையில் பினாங்குத் தீவும் செபராங் பிறையும் வெள்ளக்காடாயின. என்னிடம் பயின்ற மாணவி ஒருவர் இரு குழந்தைகளுடன் துயர் துடைப்பு மையத்தில் தங்கினார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கைப்பேசியும் நீரில் போயிற்று. ஐந்தாம் நாள் வேலைக்குச் சென்றபோது, அவர் இடத்தில் வேறு ஆள் எடுத்துவிட்டதாகக் கூறிவிட்டனர். அதே வெள்ளத்தால் வேலைக்கு வராத ஆண் ஊழியரோ மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். "உங்களுக்குச் சிறு பிள்ளைகள், அடுத்த மழைக்கும் வரமாட்டீர்கள்" என்பதே அத்தாய்க்குக் கிடைத்த பதில். பாகுபாடு என்பது இதுதான்.

இது நம் ஊர்க் கதை மட்டுமன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை பினாங்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. தமிழகத்தின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாண்டவர்கள் ஏறத்தாழ 6,000 பேர். அங்கு நிவாரணமாகப் படகும் வலையும் ஆண்களுக்கு வந்தன. தலைச்சுமையாக மீன் விற்ற பெண்களுக்கு முதல் என்பது கூடையும் கைப்பணமுமே; அந்த இழப்பு எளிதில் கணக்கில் ஏறவில்லை. கரையை விட்டுத் தள்ளிப் புது வீடுகள் அமைந்தபோது, மீன் வாங்கப் போய்வரும் செலவும் பலருக்குக் கூடியது.

நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, விடுப்பின்றித் தொடர்ந்து இரண்டு வேலை நாள்களுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை மீறியவராகக் கருதப்படுவார். ஆனால் தகுந்த காரணம் இருந்து, அதை இயன்ற விரைவில் முதலாளிக்குத் தெரிவித்திருந்தாலோ தெரிவிக்க முயன்றிருந்தாலோ இது பொருந்தாது. நியாயமின்றி நீக்கப்பட்டவர் 60 நாள்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிடலாம். 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, வேலையில் பாகுபாடு காட்டப்பட்டால் தொழிலாளர் இலாகாவிடம் புகார் செய்யலாம். வேலை நேரத்தை மாற்றித் தருமாறு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். ஆயினும் புதிதாக வேலை தேடும் தாய்க்கு இந்தப் பாகுபாட்டு விதி துணை நிற்பதில்லை. அது ஒரு குறையே.

அந்த மாணவிக்கு நாங்கள் கோயிலில் உணவு கொடுத்தோம், துணிமணி கொடுத்தோம். "இவர் வெள்ளத்தில் சிக்கியவர்" என்று முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதித் தர எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. நான் விவரம் அறிந்து விசாரித்தபோது மூன்று மாதம் கடந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளாக விடுப்புக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு இது சிறிய வருத்தம் அன்று.

ஆகவே அன்பர்களே, அடுத்த வெள்ளத்தின்போது அரிசி, பருப்போடு மூன்று உதவிகளைச் சேர்த்துக்கொள்வோம்: முதலாளிக்குத் தகவல் சொல்ல ஒரு தொலைபேசி, ஒரு கடிதம், பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான இருவர். உங்களில் தொழில் நடத்துவோர், வேலை கேட்டு வரும் தாயிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்குமுன், அதே கேள்வியை ஓர் ஆணிடம் கேட்பீர்களா என்று எண்ணிப் பாருங்கள். ஒருவேளைச் சோறு அன்றைய பசியை ஆற்றும்; காப்பாற்றப்பட்ட வேலை ஒரு குடும்பத்தையே தாங்கும்.

அனைவருக்கும் இறையருள் கிட்டுவதாக.