பாதைக்குக் கூலி: அளவுகோல் மாறினால் என்ன நடக்கும்?

ஊர் ஊராகச் சரக்கு இறக்கும் வேன்காரருக்கு மணிக்கணக்கில் சம்பளம் கொடுப்பதா, பாதைக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பதா? விநியோக வியாபாரம் செய்யும் நம் எல்லோருக்கும் உள்ள கேள்வி இது. பாதைக்கு என்று பேசுவதையே நான் விரும்புகிறேன். ஆனால் அந்த முறையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அமெரிக்கத் தபால் சேவையில் 2023 இல் நடந்ததைப் பார்த்தால் அது விளங்கும்.

அமெரிக்கக் கிராமங்களில் வீடு தேடித் தபால் கொடுக்கும் ஏற்பாடு 1896 இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 1902 இல் நிரந்தரமானது. அங்கே கிராமத் தபால்காரருக்கு மணிக்கூட்டைப் பார்த்துச் சம்பளம் இல்லை. அவரது பாதையில் எத்தனை மைல், எத்தனை தபால் பெட்டி, எவ்வளவு கடிதம், எவ்வளவு பார்சல் என்று கணக்கிட்டு, வாரத்துக்கு இத்தனை மணித்தியால வேலை என்று மதிப்பிடுவார்கள். சம்பளம் அந்த மதிப்பீட்டுக்குத்தான். சுறுசுறுப்பாக முடித்து நேரத்தோடு வீட்டுக்குப் போனாலும் சம்பளம் குறையாது. பலர் சொந்த வாகனத்தையே ஓட்டுவதால் அதற்குத் தனிப்படியும் உண்டு.

முன்பு குறிப்பிட்ட சில வாரங்களில் தபாலை ஒவ்வொன்றாகக் கையால் எண்ணி மதிப்பீடு செய்தார்கள். 2012 இல் வந்த மத்தியஸ்தத் தீர்ப்பொன்று புதிய அளவீட்டு முறைக்கு வழிகோலியது. ஒவ்வொரு வேலைக்கும் பொறியியலாளர்கள் நேரம் குறித்தார்கள். தபால்காரரின் கையிலுள்ள ஸ்கேனரில் பதியும் விபரங்களை வைத்துக் கணக்குப் பார்ப்பது என்று முடிவாகி, 2023 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது.

விளைவு கடுமையாக இருந்தது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பாதைகளின் மதிப்பீடு குறைந்தது. உதாரணமாக, 46 மணித்தியாலப் பாதை 40 ஆனால் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். சிலருக்கு வாரத்தில் கிடைத்த மேலதிக ஓய்வு நாளும் இல்லாமற் போனது. அதே வீதி, அதே வீடுகள், சம்பளம் மட்டும் குறைவு. மதிப்பீடு கூடிய பாதைகளும் இருந்தன. ஆனால் அவை சிறு பகுதியே.

இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, வேலையே மாறிவிட்டது. 2006 இல் 21,300 கோடியாக இருந்த மொத்தத் தபால், 2023 இல் 11,600 கோடி அளவுக்கு இறங்கியது. கடிதம் குறைந்தது, பார்சல் கூடியது. இதில் நிர்வாகத்தைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது காரணம்தான் வில்லங்கமானது. சில வேலைகளுக்கு ஸ்கேனரில் பொத்தானை அழுத்தினால்தான் நேரம் கணக்கில் சேரும். அழுத்தாவிட்டால், செய்த வேலையும் செய்யாததாகிவிடும். எதை எப்போது அழுத்துவதென்று தங்களுக்குச் சரியாகப் பழக்கவில்லை என்பதே பல தபால்காரர்களின் முறைப்பாடு.

சரக்கின் அளவு மாறினால் கூலிக் கணக்கும் மாறத்தான் வேண்டும். இல்லாவிட்டால் முதலாளி நட்டப்படுவார், அல்லது ஊழியர் வயிற்றில் அடி விழும். ஆனால் மாற்றும் விதம் ஒன்று இருக்கிறது. புதிய அளவுகோலை முதலில் ஊழியருக்குப் பழக்க வேண்டும். சில மாதம் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இருவரும் ஒத்துப்பார்க்க வேண்டும். வித்தியாசம் பெரிதானால் ஒரேயடியாக வெட்டாமல் கட்டம் கட்டமாகக் குறைக்க வேண்டும். பதிவில் விடுபட்டதைத் திருத்தவும் வழி இருக்க வேண்டும்.

நம்மிடம் வேலை செய்கிறவர் வாடகை, கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் அந்தச் சம்பளத்தை நம்பியே ஒழுங்கு செய்திருப்பார். கணக்குப் புத்தகத்தில் ஆறு மணித்தியாலத்தை வெட்ட ஒரு நிமிடம் போதும். அனுபவமுள்ள ஓட்டுநர் விலகிப் போனால், அந்தப் பாதையின் கடைக்காரர்களை அறிந்த இன்னொருவரை உருவாக்க மாதங்கள் செல்லும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.