கஞ்சாப் பூவில் ஆரஞ்சு வாசனை... தெரியுமா?

ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் கண்ணில் பீய்ச்சியடிக்குமே ஓர் எண்ணெய், அதில் பத்தில் ஒன்பது பங்கு லிமோனீன். அதே லிமோனீனைக் கஞ்சாச் செடியும் தானாகவே தயாரிக்கிறது, தெரியுமா? எசென்ஸ் கிடையாது, கலப்படம் கிடையாது! பெண்பூவை லென்ஸில் பாருங்கள்: காம்பும் உருண்டைத் தலையுமாகக் கண்ணாடிக் காளான்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும். வாசனை முக்கால்வாசி அந்தத் தலைக்குள்தான். பூ முற்ற முற்றத் தலை பால் வெள்ளையாகி, பிறகு தேன் நிறத்துக்கு மாறும். போதை தரும் டிஎச்சியும் மணக்கும் லிமோனீனும் பிறப்பது ஒரே மூலப்பொருளிலிருந்து! ஜெரனைல் பைரோபாஸ்பேட். (பெயரை மறந்துவிடலாம், பரீட்சை இல்லை.)

‘லெமன் ஸ்கங்க்’, ‘சூப்பர் சில்வர் ஹேஸ்’ என்ற கஞ்சா ரகங்களைக் கலந்து உருவாக்கிய ‘சூப்பர் லெமன் ஹேஸ்’, 2008, 2009 என அடுத்தடுத்து ஆம்ஸ்டர்டாமில் கன்னாபிஸ் கோப்பையைத் தட்டிச் சென்றது. இந்தியாவில் அனுமதியின்றி வளர்த்தால் கோப்பை அல்ல, கைவிலங்குதான். 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டம் அப்படி.

சரி, கலப்புக்கு ஆண் செடி வேண்டாமா? வேண்டாம்! வெள்ளி தயோசல்பேட் கரைசலைத் தெளித்தால் பெண் செடியே ஆண்பூ விடும். அந்த மகரந்தத்தில் ஆண் குரோமோசோம் இல்லாததால், கிடைக்கும் விதைகள் கிட்டத்தட்ட எல்லாமே பெண். ஆனால் கூடப் பிறந்தவையே ஆளுக்கொரு வாசம் வீசும். வளர்ப்பவர் இளந்தண்டைத் தேய்ப்பார், விரலை முகர்வார், அடுத்த செடிக்குப் போவார். மனசுக்குப் பிடித்தது சிக்கினால், அதை மட்டும் கிளை வெட்டி நட்டுப் பெருக்குவார்.

புதினா வாசமும் லிமோனீனில்தான் தொடங்குகிறது என்றால் நம்புவீர்களா? புதினாச் செடிக்குள் ஒரு நொதி லிமோனீனில் ஆக்சிஜனை ஓரிடத்தில் ஒட்டினால், பல படிகள் தாண்டி மிட்டாய் மென்தால். வேறிடத்தில் ஒட்டினால், நம் சட்னிப் புதினாவின் கார்வோன்! மென்தாலின் ஜில்லிப்பு வாசனையே அல்ல; குளிரை உணரும் நரம்பை அது ஏமாற்றுகிறது. கஞ்சாவிலோ ‘குஷ் மின்ட்ஸ்’, ‘தின் மின்ட்’ என்று பெயர்கள் அமர்க்களப்படும். மென்தாலைத் தேடினால் அகப்படுவது பெரும்பாலும் லிமோனீனும் மிளகில் இருக்கும் காரியோஃபிலீனும்தான். ‘தின் மின்ட்’ உண்மையில் அமெரிக்கச் சாரணியச் சிறுமிகள் விற்கும் பிஸ்கட்டின் பெயர்!

லிமோனீனின் வேலை வாசனையோடு முடிவதில்லை: 2024-ல் வெளியான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில், 20 பேர் டிஎச்சியோடு லிமோனீனையும் ஆவியாக இழுத்தபோது, தனி டிஎச்சி கிளப்பிய பதற்றம் தணிந்தது.

உச்சம் இனிமேல்தான். லிமோனீன் கூடினால் எலுமிச்சை மணம் கூடும் என்றுதானே நினைப்போம்? 2023-ல் வந்த ஓர் ஆய்வு அதைக் கவிழ்த்தது. லிமோனீன் போன்ற டெர்பீன்கள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் ரகங்கள் வேறு வேறாக மணப்பதற்குக் காரணம், துளியிலும் துளியாக இருக்கும் வேறு சேர்மங்கள். பழ வாசனைக்குச் சில கந்தகச் சேர்மங்கள். அவற்றில் ஒன்று பேஷன் ஃப்ரூட்டிலும் உண்டு! கஞ்சாவின் அந்தப் பிரசித்தி பெற்ற நாற்றத்துக்கும் ஒரு கந்தகச் சேர்மமே காரணம் என்று 2021-லேயே கண்டுவிட்டார்கள். வெயில்பட்ட பீர் நாறுவதும் அதே சேர்மத்தால்தான். பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ், தாவரவியலில் கஞ்சாவுக்குப் பங்காளி!